பிள்ளையின் விவரம் கசிந்துவிட்டது: பள்ளிமீது வழக்குப் போடலாமா?

சிகாகோவின் மேற்குப் புறநகரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு எச்-1பி வேலை விசா. இவருக்கும் கோவையில் பிறந்த மகளுக்கும் எச்-4, அதாவது அவரைச் சார்ந்தோருக்கான விசா. மகள் ஒன்பதாம் வகுப்பு. நான்காம் வகுப்பு படிக்கும் மகன் அமெரிக்காவிலேயே பிறந்தவன். அவனுக்குக் கவனக்குறைபாடு இருப்பதால் 504 பிளான் (பள்ளி அவனுக்குச் செய்துதரவேண்டிய வசதிகளை எழுதிவைத்த திட்டம்) உண்டு, வேர்க்கடலை ஒவ்வாமையும் உண்டு. இருவரும் ஒரே பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) படிக்கிறார்கள். மார்ச் 24 அன்று பள்ளி மாவட்டத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாணவர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனத்தில் யாரோ நுழைந்துவிட்டார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் கைபேசி எண், அவசரத் தொடர்பு எண்கள், மருத்துவக் குறிப்பு, சில மாணவர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) ஆகியவை போயிருக்கலாம் என்று அதில் இருந்தது. நிறுவனம் ஜனவரி 6 அன்றே இதை உறுதிசெய்ததாகவும், மாவட்டத்துக்கு பிப்ரவரி 3 அன்று தெரிவித்ததாகவும் அதே கடிதம் சொல்கிறது.

"மகனின் மருத்துவ விவரம் போனது ஹிப்பா என்ற மருத்துவ ரகசியச் சட்டத்தின் மீறல்தானே? அந்த நிறுவனத்துக்கு விவரம் கொடுக்க நான் கையெழுத்தே போடவில்லையே? இரண்டு வருடத்தில் ஊர் திரும்பப் போகிறோம், அதற்குள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல முடியுமா? பள்ளிமீது வழக்குப் போடலாமா? விசாவில் இருக்கும்போது எதற்கு வம்பு என்கிறார் கணவர்" என்று கேட்கிறார். இன்னொன்றும் உண்டு. பள்ளி கொடுத்த குரோம்புக் மடிக்கணினியில் மகள் எழுதிய கதையில் ஒரு பாத்திரம் சாக நினைப்பதாக வர, மறுநாள் காலை கவுன்சிலர் (பள்ளியின் மாணவர் ஆலோசகர்) அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். "அப்படியானால் எங்கள் வீட்டுக் கணினியையும் பார்க்கிறார்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் பெயர் சொல்லும் சட்டம் இந்த இடத்துக்குப் பொருந்தாது. பொருந்துகிற சட்டங்கள் வேறு, அவை உங்கள் கையில் கணிசமான அதிகாரத்தைத் தருகின்றன. முதலில் அதைச் சரிசெய்துகொள்வோம். தவறான சட்டத்தின் பெயரில் போகும் கடிதத்துக்குப் பள்ளியின் வழக்கறிஞர் இரண்டே வரியில் பதில் எழுதி மூடிவிடுவார்.

ஹிப்பா, மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரியது. பள்ளி நர்ஸிடம் இருக்கும் ஒவ்வாமைக் குறிப்பும் 504 பிளானும் கல்விப் பதிவுகள். கல்விப் பதிவுகளை ஹிப்பா விதிகளே வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கின்றன. அவற்றைக் காப்பது 1974-இல் வந்த ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம். அதன்கீழ் பிள்ளையின் பதிவைப் பார்க்கவும், தவறைத் திருத்தக் கேட்கவும், வெளியாருக்குக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெற்றோரின் குடியுரிமையை அது கேட்பதில்லை. ஆனால் ஃபெர்பாவுக்கு இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. விவரம் திருடுபோனால் பெற்றோருக்குச் சொல்லவேண்டும் என்று அதில் இல்லை. மீறினால் தனிநபர் வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல், கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில் தீர்த்துவிட்டது. கல்வித் துறையின் மாணவர் தனியுரிமை அலுவலகத்துக்குப் புகார் எழுதலாம், அவ்வளவுதான். அதற்கும் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 180 நாட்கள்தான் கெடு.

அடுத்தது, "நான் கையெழுத்துப் போடவில்லையே" என்ற கேள்வி. போடத் தேவையில்லை. பள்ளி தானே செய்யவேண்டிய வேலையை ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்து, விவரங்களைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால், அந்த நிறுவனம் பள்ளி அலுவலர் போலவே கருதப்படும் என்று ஃபெர்பா விதி சொல்கிறது. வருகைப்பதிவு, மதிப்பெண், பஸ் வழித்தடம், சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன. ஆகவே உங்கள் சம்மதம் இல்லாமல் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டாகாது. 'நேரடிக் கட்டுப்பாடு' என்ற சொல்லுக்குப் பொருள் இருந்ததா, எந்த ஒப்பந்தத்தின்படி எதைக் கொடுத்தீர்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கேட்க நாட்டிலேயே வசதியான மாநிலங்களில் ஒன்றில் நீங்கள் இருக்கிறீர்கள்.

சோப்பா என்ன சொல்கிறது?

உங்கள் மாநிலமான இல்லினாயில் சோப்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாணவர் இணைய விவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. (ஃபெர்பா, ஹிப்பா, சோப்பா, பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான காப்பா... சட்டம் எழுதுகிறவர்களுக்கு 'ப்பா' மீது என்ன பாசமோ!) சோப்பாவின் திருத்தம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி உங்கள் பள்ளி மாவட்டம் மாணவர் விவரம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துடனும் எழுத்து ஒப்பந்தம் போட்டிருக்கவேண்டும். நிறுவனங்களின் பட்டியலையும் ஒப்பந்தங்களையும், யாருக்கு எந்தெந்த விவரம் போகிறது என்பதையும் தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும். நிறுவனம் அந்த விவரத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. பிள்ளையைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் முடியாது. நிறுவனத்தின் தவறால் விவரம் கசிந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கும் செலவு, கடன் கண்காணிப்புச் செலவு ஆகியவற்றை அது பள்ளிக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற பிரிவும் ஒப்பந்தத்தில் கட்டாயம்.

இப்போது நீங்கள் தந்த தேதிகளுக்கு வருவோம். நிறுவனம் கசிவை உறுதிசெய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பள்ளிக்குச் சொல்லவேண்டும். ஜனவரி 6-க்கும் பிப்ரவரி 3-க்கும் இடையே 28 நாட்கள். கெடுவுக்குள் வருகிறது. பள்ளி அந்தத் தகவல் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். பிப்ரவரி 3-இலிருந்து மார்ச் 24 வரை 49 நாட்கள். குற்ற விசாரணை கெட்டுவிடும் என்று காவல்துறை எழுத்தில் தள்ளிவைக்கக் கேட்டிருந்தாலொழிய, இந்தத் தாமதத்துக்குப் பள்ளி மாவட்டம் பதில் சொல்லியாகவேண்டும். உங்கள் கடிதத்தில் மிக வலுவான புள்ளி இதுதான். நீங்களோ இதை ஒரு தகவலாக மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

வந்த அறிவிப்பையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். கசிவு நடந்த தேதி அல்லது உத்தேசத் தேதி, எந்த வகை விவரம் போனது, யாரைத் தொடர்புகொள்வது, கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் மற்றும் மத்திய வர்த்தக ஆணையத்தின் முகவரி, கடன் முடக்கம் (அந்தப் பெயரில் யாரும் புதிதாகக் கடன் வாங்க முடியாதபடி பூட்டிவைப்பது) பற்றிய குறிப்பு ஆகியவை அதில் இருக்கவேண்டும். "சில மாணவர்களின் எண்" என்ற பொத்தாம்பொதுவான சொல்லுடன் நின்றுவிட்டால் போதாது. உங்கள் மகன் அந்தச் சிலரில் ஒருவனா என்று பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எப்படிக் கசிகிறது?

பெரும்பாலான கசிவுகளில் யாரும் கோட்டைச் சுவரை உடைப்பதில்லை. திறந்திருந்த பின்கதவு வழியாகத்தான் வருகிறார்கள். பள்ளிகளுக்கு மென்பொருள் தரும் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் நடந்தது நல்ல உதாரணம். வாடிக்கையாளர் உதவிக்கான இணையவாயிலில், திருடப்பட்ட ஒரே ஒரு கணக்கின் கடவுச்சொல்லால் உள்ளே நுழைந்தார்கள். அந்த வாயிலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருக்கவில்லை. பழுது பார்ப்பதற்காகப் பள்ளிகளின் தரவுத்தளத்துக்குள் போய்வர வைத்திருந்த வழியே திருடனுக்கும் வழியாயிற்று. பல மாவட்டங்களில் படிப்பு முடித்துப் பல ஆண்டுகள் ஆன பழைய மாணவர்களின் விவரமும் சேர்ந்து போனது, யாரும் அதை அழித்திருக்கவில்லை என்பதால். மிரட்டியவர்களுக்கு நிறுவனம் பணம் கொடுத்தும், 2025 மே மாதம் அதே விவரத்தைக் காட்டிச் சில பள்ளி மாவட்டங்களுக்கு மறுபடி மிரட்டல் வந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான்.

இதிலிருந்து உங்கள் பள்ளி மாவட்டத்திடம் கேட்கவேண்டியவை தெளிவாகின்றன: நிறுவன ஊழியர் உள்ளே வரும் வழி எப்போதும் திறந்திருக்கிறதா, கேட்கும்போது மட்டும் திறக்கப்படுகிறதா? எல்லா அலுவலர் கணக்குக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டா? நர்ஸ் பார்க்கும் மருத்துவக் குறிப்பைப் பஸ் பிரிவு எழுத்தரும் பார்க்க முடியுமா? வெளியேறிய மாணவரின் விவரம் எப்போது அழிக்கப்படுகிறது? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான மாவட்டங்கள் தடுமாறும்.

இன்னொரு பின்கதவு வகுப்பறையிலேயே இருக்கிறது. ஆசிரியர் நல்லெண்ணத்தில் ஓர் இலவசச் செயலியைப் பார்க்கிறார், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறார், இருபத்தைந்து பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் ஏற்றிவிடுகிறார். மாவட்டத்தின் ஒப்பந்தப் பட்டியலில் அந்தச் செயலி இருக்காது. மகனின் ஐபேடில் உள்ள செயலிகளை ஒரு தாளில் எழுதி, இணையதளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று அகப்பட்டால், ஆசிரியரைச் சங்கடப்படுத்தாமல் மாவட்டத்தின் தனியுரிமை அலுவலருக்கே எழுதுங்கள். அப்படி ஒருவரைப் பள்ளி மாவட்டம் நியமிக்கலாம்; நியமிக்கவில்லையென்றால் பதிவுப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்.

ஒப்பந்தத்தைத் திறந்தால் முப்பது பக்கம் ஓடும், பயப்படவேண்டாம். இல்லினாய் மாவட்டங்கள் பெரும்பாலும் என்.டி.பி.ஏ. என்ற பொது மாதிரி ஒப்பந்தத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் 'எக்ஸிபிட் பி' என்ற இணைப்பை மட்டும் முதலில் பாருங்கள். எந்தெந்த விவரம் போகிறது என்று கட்டம் கட்டமாக டிக் செய்திருக்கும். கணக்குப் பயிற்சிச் செயலிக்கு வீட்டு முகவரிக் கட்டத்தில் டிக் இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. அதன்பின் 'எக்ஸிபிட் டி', அதாவது விவரத்தை அழிப்பது பற்றிய இணைப்பு.

அழிக்கச் சொல்லலாமா?

பாதி முடியும், பாதி முடியாது. முடியாமலிருப்பது உங்களுக்கே நல்லது. இல்லினாய் பள்ளி மாணவர் பதிவுச் சட்டம் பதிவுகளை இரண்டாகப் பிரிக்கிறது. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், மதிப்பெண் பட்டியல், வருகை, உடல்நலப் பதிவு ஆகியவை நிரந்தரப் பதிவு. அதைக் குறைந்தது 60 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். உங்கள் மகள் கோவையில் கல்லூரியில் சேரும்போதோ பின்னால் வேறெங்காவது விண்ணப்பிக்கும்போதோ இந்த மதிப்பெண் பட்டியல் தேவைப்படும். 504 பிளான் போன்றவை தற்காலிகப் பதிவு; பிள்ளை பள்ளியை விட்டுப் போனபின் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருப்பார்கள். பதிவுகளை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, அல்லது பிள்ளை பள்ளிக் கட்டடம் மாறும்போது, இதில் எது முந்துகிறதோ அப்போது சரிபார்த்து, பழையதையும் பொருந்தாததையும் நீக்கவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. மகள் நடுநிலைப்பள்ளியிலிருந்து உயர்நிலைப்பள்ளிக்கு மாறியபோது அது நடந்ததா என்று கேளுங்கள்.

நிறுவனங்களிடம் கிடக்கும் விவரம் வேறு கதை. தேவை முடிந்ததும் அதை நிறுவனம் அழிக்கவோ பள்ளிக்குத் திருப்பவோ வேண்டும். அதற்கான கால அளவும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். மகன் இரண்டாம் வகுப்பில் பயன்படுத்திய வாசிப்புச் செயலியில் அவன் குரல்பதிவு இன்னும் இருக்கக் காரணமில்லை. ஆனால் நீங்கள் நேரடியாக நிறுவனத்துக்கு எழுதினால் பெரும்பாலும் "பள்ளியைக் கேளுங்கள்" என்றுதான் பதில் வரும், அது சரியான பதிலும்கூட. விவரம் பள்ளியின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அழிக்கும் கோரிக்கை பள்ளி வழியாகப் போகவேண்டும்.

அதற்குமுன் பதிவைப் பாருங்கள். எழுத்தில் கேட்டால், மாநிலச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் காட்டவேண்டும். எழுத்தில் காரணம் சொன்னால் இன்னும் 5 வேலை நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். ஃபெர்பாவில் 45 நாட்கள் என்று பள்ளி சொன்னால், மாநிலச் சட்டம் அதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கிறது என்று பணிவாக நினைவூட்டுங்கள். நகல் பக்கத்துக்கு 35 சென்டுக்கு மேல் வாங்கக்கூடாது. ஒவ்வாமைக் குறிப்பு பழையதாக இருந்தால், அவசரத் தொடர்பில் ஊருக்குப் போய்விட்ட நண்பர் எண் இருந்தால், இப்போதே திருத்தக் கேளுங்கள்.

உடனே செய்யவேண்டியவை

மகனுக்கு ஒன்பது அல்லது பத்து வயது இருக்கும். அவன் பெயரில் கடன் வரலாறு எதுவும் இருக்காது. அதனால்தான் திருடனுக்கு அவன் எண் பிடிக்கும்: பதினெட்டு வயதாகும்வரை யாரும் பார்க்கப்போவதில்லை. 2018 முதல், பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் இலவசமாகக் கடன் முடக்கம் வைக்கலாம். கடன் மதிப்பீட்டு நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றுக்கும் தனித்தனியாகத் தபாலில் அனுப்பவேண்டும். உங்கள் அடையாள அட்டை நகல், முகவரிச் சான்று, மகனின் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை நகல் தேவை. தபால் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முடக்கவேண்டும். பெரும்பாலும் திரும்பி வருவது பிறப்புச் சான்றிதழ் நகல் விடுபட்டதாலோ, விண்ணப்பத்தில் உள்ள முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரியும் வேறாக இருப்பதாலோதான். வீடு மாறியவர்கள் இதில் மாட்டுவார்கள். முடக்கத்தை நீக்கத் தேவையான கடிதத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

பள்ளி தரும் இரண்டு வருட இலவசக் கடன் கண்காணிப்பை எடுத்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. ஆனால் அது திருட்டு நடந்தபின் மணியடிப்பது. முடக்கம் நடக்கவிடாமல் தடுப்பது. பதிவு செய்யும்போது நிபந்தனைகளில் நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடமே தீர்த்துக்கொள்ளச் சம்மதிப்பது) பற்றிய பிரிவு இருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பாருங்கள். வரித்துறையிடம் மகனுக்கென்று ஆறு இலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணும் வாங்கலாம். வேறு யாராவது அவனைத் தன் பிள்ளையென்று காட்டி வரித்தாக்கல் செய்தால் அது தடுக்கும்.

மகளுக்கு எச்-4 என்பதால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் அது பாதுகாப்பு.

மகனின் எண்ணைச் சேர்க்கைப் படிவத்தில் கட்டாயம் என்று நினைத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாயமில்லை. 1974-இன் தனியுரிமைச் சட்டப்படி, அந்த எண்ணைக் கேட்கும் உள்ளாட்சி அமைப்பு அது விருப்பமா கட்டாயமா, எதற்கு என்று சொல்லவேண்டும்; கொடுக்காததற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. பதிவிலிருந்து அந்த எண்ணை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிக்கு அதனால் வேலையே இல்லை.

எனினும், நடைமுறையில் உங்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டப்போவது கடன் மோசடி அல்ல, தொலைபேசி மோசடி. மகனின் பெயர், பள்ளி, ஒவ்வாமை, பாட்டியின் எண் எல்லாம் தெரிந்த ஒருவர் "உங்கள் பேரனை ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறோம்" என்று கோவைக்கே கூப்பிடலாம். வீட்டுக்குள் ஒரு சொல்லை முடிவுசெய்துகொள்ளுங்கள், சமையல் பொருளின் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ. அதைச் சொல்லாதவருக்குப் பணமும் இல்லை, தகவலும் இல்லை என்று ஊரிலுள்ள பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

குரோம்புக்கும் கவுன்சிலரும்

கூட்டாட்சி மானியம் வாங்கும் பள்ளிகள் இணையத்தை வடிகட்டி, பிள்ளைகளின் பயன்பாட்டைக் கண்காணிக்கவேண்டும் என்று 2000-இல் வந்த ஒரு சட்டம் சொல்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு எழுதும் கதையை மென்பொருள் படிக்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அது பள்ளி மாவட்டம் தானே வாங்கிய சேவை. 'சாகணும்' போன்ற சொல்லைக் கண்டதும் எச்சரிக்கை அனுப்பும். கதையா கடிதமா என்று பிரித்தறிவதில் அது சுமார்தான். கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசியதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். எச்சரிக்கை வந்தபின் பேசாமலிருந்தால்தான் கேள்வி எழும். ஆனால் அந்த எச்சரிக்கை மகளின் பதிவில் ஏறியிருக்கிறதா, எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு காலம் இருக்கும் என்று கேளுங்கள். ஏறியிருந்தால், அது பள்ளிப் பாடத்துக்காக எழுதிய கதை என்ற விளக்கத்தைச் சேர்க்கவோ, குறிப்பை நீக்கவோ கோரலாம்.

வீட்டுக் கணினியைப் பார்க்கிறார்களா? நேரடியாக இல்லை. ஆனால் மகள் வீட்டு மடிக்கணினியில் குரோம் உலாவியைத் திறந்து பள்ளிக் கணக்கில் நுழைந்திருந்தால், பள்ளி அந்தக் கணக்கோடு பிணைத்திருக்கும் நீட்சிகளும் (உலாவியோடு ஒட்டி ஓடும் சிறு மென்பொருள்கள்) கூடவே வந்து அமரும். அதே உலாவிப் பக்கத்தில் அப்பா வங்கிக் கணக்கைத் திறந்தால், அதுவும் பள்ளியின் கண்காணிப்புக்குள் வரக்கூடும். தீர்வு எளிது: பள்ளிக் கணக்குக்கு உலாவியில் தனி ப்ரொஃபைல் வையுங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள். கேமரா பற்றிய பயமும் அடியோடு கற்பனையல்ல. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர் மடிக்கணினிகளின் கேமராவைத் தொலைவிலிருந்து இயக்கிப் படமெடுத்தது வெளிவந்து, 2010-இல் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கணவரின் கவலைக்கு

அவர் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் பள்ளிப் பதிவைக் கேட்பது குடிவரவு விவகாரம் அல்ல. பிள்ளையின் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் பொதுப்பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று 1982-இல், பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களோ முறையான விசாவில் இருப்பவர்கள். நீதிமன்ற உத்தரவோ சம்மனோ வந்து பதிவைக் கொடுக்க நேர்ந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லப் பள்ளி முயலவேண்டும். 504 பிளான் பற்றிக் கேட்டதற்காக மகனைப் பழிவாங்கினால், அதுவே கூட்டாட்சிச் சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு.

உண்மையில் கவனிக்கவேண்டிய இடம் 'டைரக்டரி தகவல்' என்ற பிரிவு. பெயர், முகவரி, தொலைபேசி, பிறந்த இடம், படம் போன்றவற்றை அப்படி அறிவித்துவிட்டால், பள்ளி உங்களைக் கேட்காமலே கேட்பவருக்குக் கொடுக்கலாம். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் நிற்கும். ஆகஸ்ட் மாதச் சேர்க்கைப் படிவங்களுக்கு நடுவே அந்த வாய்ப்பு ஒரு சின்னக் கட்டமாக வரும், பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். மகள் உயர்நிலைப்பள்ளியில் இருப்பதால் ராணுவ ஆள்சேர்ப்பாளர்களுக்குப் பெயர், முகவரி, எண் போவதைத் தடுக்கத் தனிக் கட்டம் இருக்கும். ஒன்றை டிக் செய்தால் மற்றதும் அடங்கும் என்று எண்ணவேண்டாம். ஒரே ஒரு தொந்தரவு: எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் மகனின் படம் ஆண்டுமலரிலும் வராமல் போகலாம். பல பள்ளி மாவட்டங்கள் ஆண்டுமலருக்குத் தனித் தேர்வு வைத்திருக்கின்றன, கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கு?

சோப்பாவை நடைமுறைப்படுத்துவது மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். தனிநபர் அதன்கீழ் வழக்குப் போட முடியாது. மாணவர் பதிவுச் சட்டம் தனிநபர் வழக்கை அனுமதிக்கிறது. ஆனால் பதிவைக் காட்ட மறுத்தல், உரிமையில்லாதவருக்குக் கொடுத்தல் போன்றவற்றுக்கு அது பொருந்துவதுபோல், வெளியாள் திருடிய சம்பவத்துக்கு எளிதில் பொருந்தாது. நிறுவனத்தின்மீது கூட்டு வழக்கு வந்தால் நீங்கள் எதுவும் செய்யாமலே அதில் உறுப்பினராகலாம்; அப்போது வரும் அஞ்சலைக் குப்பை என்று எறியாதீர்கள். பள்ளி மாவட்டத்தின்மீதே வழக்கு என்றால், இல்லினாயில் உள்ளாட்சி அமைப்புகள்மீதான பல வழக்குகளுக்கு ஓராண்டுக் கெடுதான். மகனுக்கு நிஜமாகவே நஷ்டம் ஏற்பட்ட அறிகுறி தெரிந்தால் ஆறப்போடாமல் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இன்றைய நிலையில் நான் வழக்கைச் சொல்லமாட்டேன். 49 நாள் தாமதத்தைக் குறிப்பிட்டு அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதுவது, வழக்கைவிடச் செலவில்லாதது, வேகமானது.

அதற்குமுன் பள்ளி மாவட்டத்துக்கு எழுதவேண்டிய கடிதம், பதிவுப் பொறுப்பாளருக்கும் தனியுரிமை அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலாகப் போகட்டும். கோபம் வேண்டாம், ஹிப்பா என்ற சொல்லும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"மார்ச் 24 தேதியிட்ட உங்கள் அறிவிப்பு தொடர்பாக எழுதுகிறேன். என் மகன், மகள் இருவரின் எந்தெந்த விவரம் கசிந்தது என்பதைத் தனித்தனியாகத் தெரிவிக்கவும். பிப்ரவரி 3-இல் தகவல் கிடைத்தும் 30 நாட்களுக்குள் அறிவிக்காததன் காரணத்தைத் தெரிவிக்கவும். இருவரின் நிரந்தர, தற்காலிகப் பதிவுகளையும், கண்காணிப்பு மென்பொருள் உருவாக்கிய எச்சரிக்கைகள் உட்பட, இல்லினாய் பள்ளி மாணவர் பதிவுச் சட்டப்படி பார்வையிட விரும்புகிறேன். மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் பதிவிலிருந்து நீக்கவும். இனிப் பயன்பாட்டில் இல்லாத செயலிகளிலுள்ள என் பிள்ளைகளின் விவரத்தை அழிக்க நிறுவனங்களைக் கோரி, அழித்ததற்கான உறுதியை எழுத்தில் தரவும்."

அனுப்பிய தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வேலை நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலைப் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளருக்கும் பள்ளிக் குழுவின் செயலாளருக்கும் நகலிட்டு மறுபடி அனுப்புங்கள். இங்கே பள்ளி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் போன்றதல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு நடத்தும் தனி உள்ளாட்சி அமைப்பு. அந்தக் குழுவின் மாதாந்திரக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். அங்கே எழுந்து பேச வாக்காளர் அட்டை தேவையில்லை.